மகன் கேட்கும் ஜாக்கெட்!

"அம்மா, எனக்கு ஒரு ஜாக்கெட் வாங்கணும்" என்று வயசுப் பையன் வந்து நின்றால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். நம் ஊரில் ஜாக்கெட் என்றால் வேறே அர்த்தமல்லவா! அளவு ஜாக்கெட்டை எடுத்துக் கொண்டு தையற்காரரிடம் ஓடுகிறோமே, அது. அவன் கேட்பது மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது போடுகிற, தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் கெட்டியான பேட் வைத்துத் தைத்த மேல்சட்டை. விலையைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிடும். "இந்த வெயில்லே இதைப் போட்டுக்கிட்டு யாருடா போவாங்க? ஸ்டைலுக்குத்தானே கேக்கறே?" என்போம். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக் கொள்வான். அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவே மாட்டார்.

கொஞ்சம் பொறுங்கள், சகோதரிகளே! அவன் ஸ்டைலுக்குத்தான் கேட்கிறான் என்றே வைத்துக் கொள்வோம். அப்படியாவது கேட்கிறானே! வண்டி வாங்க அத்தனை பணம் செலவழித்தோம். அதில் உட்காரும் உடம்புக்கு என்ன வாங்கினோம்? ஒரு ஹெல்மெட். அதுவும் பாதி நாள் டாங்க் மேலேயோ முழங்கையிலேயோ தொங்குகிறது.

முதலில் ஹெல்மெட்டைப் பேசி முடித்துவிடுவோம். வண்டி நின்று கொண்டிருக்கும்போதே ஒருவர் சாய்ந்து விழுந்தால்கூட, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து வரும் தலை தரையைத் தொடும்போது ஏறக்குறைய மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். "தெருமுனைக் கடைக்குத்தானே, மெதுவாத்தானே போறேன்" என்ற பேச்செல்லாம் இங்கே எடுபடாது. ஹெல்மெட்டைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2008இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு விபத்தில் உயிர் போகும் அபாயம் 42 சதவீதமும், தலைக்காயம் படும் அபாயம் 69 சதவீதமும் குறைகிறதாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை 2021 ஜூன் முதல் நம் நாட்டில் விற்கவே கூடாது. ஆனாலும் ரோட்டோரக் கடையில் வாங்கினால் முத்திரை நிஜமானதுதானா என்று யாருக்குத் தெரியும்? நல்ல கடையில், ரசீதோடு வாங்குங்கள். பட்டையை மாட்டிய பிறகு தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே ஆட வேண்டும். தலை மட்டும் உள்ளே திரும்பினால் அது பெரிய சைஸ். கொண்டை போடும் பெண்களுக்குத்தான் இது தொல்லை. வண்டியில் போகும் நாளில் பின்னலைக் கழுத்தோடு தாழ்த்திப் போட்டுக் கொள்ளலாம். பூவைப் போன இடத்தில் வைத்துக் கொள்ளலாம்.

சரி, ஜாக்கெட்டுக்கு வருவோம். கீழே விழுந்தால் உடம்புக்கு இரண்டு விதமான ஆபத்து. ஒன்று அடி. அம்மிக் குழவி காலில் விழுந்தால் எப்படி இருக்கும், அது போல. மற்றொன்று உராய்வு. அதைத் தேங்காய் துருவும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தார் ரோடுதான் துருவி. நாம் உடுத்தும் பருத்திச் சட்டையும் சுடிதாரும் அதன் முன்னே நிற்காது. "கெட்டி ஜீன்ஸ்தானே போட்டிருக்கான்" என்று நாம் நம்பும் பேண்ட்டும் கண்மூடித் திறப்பதற்குள் தேய்ந்து கிழிந்துவிடும். அடிக்குப் பேட், உராய்வுக்குத் துணி. இந்த இரண்டு கேள்வியையும் கடைக்காரரிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பேட் பிரமாதமாக இருந்து, துணியும் தையலும் முதல் இழுப்பிலேயே பிரிந்து போனால் பேட் எங்கே நிற்கும்?

பேட்டை எப்படிச் சோதிக்கிறார்கள், தெரியுமா? ஐரோப்பாவில் அதற்கென்று ஒரு தர விதி இருக்கிறது. ஈ.என். 1621 என்று பெயர். பேட்டைக் கெட்டியான இரும்பு மேடை மேல் வைத்து, 5 கிலோ எடையை ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்திலிருந்து அதன் மேல் விழ விடுகிறார்கள். மறுபக்கம் எவ்வளவு வேகமான அடி போய்ச் சேருகிறது என்று அளக்கிறார்கள். கை கால் பேட்டில் சராசரி 35 கிலோ நியூட்டனுக்கு மேல் போகாவிட்டால் முதல் நிலை. 20க்கு மேல் போகாவிட்டால் இரண்டாம் நிலை. முதுகுக்கு இன்னும் கண்டிப்பு: முதல் நிலைக்கு 18, இரண்டாம் நிலைக்கு 9. ஆகவே நம்பர் கூடினால் காவல் கூடுகிறது என்று நினைவு வைத்துக் கொண்டால் போதும்.

இதையெல்லாம் நாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். பேட்டிலேயே அச்சடித்திருக்கும். ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து பேட்டை உருவி எடுத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்! மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஆளின் சின்னப் படம், பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து, 1 அல்லது 2 என்ற எண். எஸ் என்றால் தோள், ஈ என்றால் முழங்கை, கே என்றால் முழங்கால், எச் என்றால் இடுப்பு, பி என்றால் முதுகு. அதே இடத்தில் டி என்ற எழுத்தும் கூட்டல் குறியும் இருந்தால், 40 டிகிரி சூட்டிலும் சோதித்துத் தேறியது என்று பொருள். சித்திரை வெயிலில் வேலூரிலும் திருச்சியிலும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமா?

உருவிப் பார்க்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோளிலும் முழங்கையிலும் முத்திரையுள்ள பேட்டை வைத்துவிட்டு, முதுகுப் பையில் மட்டும் வெறும் ஸ்பாஞ்சைச் செருகி விற்கிற ஜாக்கெட்டுகள் ஏராளம். தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். அதில் முத்திரையும் இருக்காது, எண்ணும் இருக்காது. அப்படியானால் முதுகு பேட்டைத் தனியே வாங்கிப் போட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

துணிக்கு வேறொரு விதி, ஈ.என். 17092. ஜாக்கெட்டின் உள்பக்கச் சீட்டில் ஏ, ஏஏ, ஏஏஏ என்று போட்டிருக்கும். எழுத்து கூடக் கூட உராய்வைத் தாங்கும் சக்தி கூடும். எடையும் புழுக்கமும் சேர்ந்தே கூடும். பி என்றிருந்தால் அதில் பேட் கிடையாது. சி என்றால் பேட்டைத் தாங்கிப் பிடிக்கும் வலைச் சட்டை மட்டும்தான், உராய்வுக்கு ஆகாது. இங்கேதான் என் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். தினமும் ஊருக்குள்ளே காலேஜுக்கும் ஆபீஸுக்கும் போகிறவர்களுக்கு, காற்றுப் புகும் வலைத் துணியில் செய்த, நல்ல பேட் உள்ள ஏ அல்லது ஏஏ ஜாக்கெட் போதும். ஏஏஏ வாங்கி, புழுக்கம் தாங்காமல் பீரோவில் மாட்டி வைத்தால் பீரோதான் பத்திரமாக இருக்கும்.

துணி என்றதும் ஒரு பெண்மணியின் ஞாபகம் வருகிறது. கெவ்லார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். குண்டு துளைக்காத அங்கி செய்கிற நூல். வண்டி ஓட்டுகிறவர்களுக்கான ஜீன்ஸிலும் அதை உள்ளே வைத்துத் தைக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தவர் ஸ்டெஃபனி க்வோலெக் என்ற அமெரிக்க ரசாயன நிபுணர். அவருடைய தாயார் தையல் வேலை செய்தவர். மகளுக்கும் சின்ன வயதிலிருந்தே துணி என்றால் உயிர். டாக்டருக்குப் படிக்கப் பணம் சேர்க்கலாம் என்று டூபாண்ட் கம்பெனியில் தற்காலிகமாகச் சேர்ந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். 1965இல் அவர் தயாரித்த கரைசல் கலங்கலாய், தண்ணீராய் இருந்ததாம். நூல் இழுக்கும் மெஷினைக் கவனித்தவர் "இதைப் போட்டால் துவாரம் அடைத்துக் கொள்ளும்" என்று தயங்கினாராம். அம்மாள் விடவில்லை. போட்டுப் பார்த்தபோது எஃகையும் தோற்கடிக்கும் நூல் வந்தது!

"இத்தனை செலவழித்தால் பலன் உண்டா?" நியாயமான கேள்விதான். ஆஸ்திரேலியாவில் லிஸ் டி ரோம் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும், கான்பெர்ரா வட்டாரத்தில் விபத்துக்குள்ளான 212 மோட்டார் சைக்கிள்காரர்களைப் பார்த்து விசாரித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். வண்டிக்கென்றே செய்த ஜாக்கெட் போட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேரும் நிலைக்குப் போனது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பேண்ட் போட்டவர்களில் ஏறக்குறைய பாதி. கையுறை போட்டவர்களில் பாதிக்கும் குறைவு. பேட் வைத்த உடுப்பு என்றால் காயமே குறைந்திருக்கிறது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எலும்பு முறிவு குறைந்ததாக அவர்கள் காணவில்லை. அதோடு ஜாக்கெட், பேண்ட், கையுறை எல்லாவற்றிலும் கால் பங்குக்கு மேலே விபத்தில் கிழிந்தோ பிரிந்தோ போயிருந்தன. முத்திரையைப் பார், தையலை இழுத்துப் பார் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

கையுறையைக் கவனித்தீர்களா? விழும்போது யாராக இருந்தாலும் கையைத்தான் முதலில் ஊன்றுவோம். உள்ளங்கை உரிந்தால் மாவு பிசைய முடியாது, துணி பிழிய முடியாது, குழந்தையைக் குளிப்பாட்ட முடியாது. ஆகவே கை இருக்கிற பணத்துக்கு முதலில் ஹெல்மெட், அப்புறம் கையுறை, அப்புறம் காலணி, அதன் பிறகு ஜாக்கெட் என்றுதான் சொல்வேன். உள்ளங்கையின் அடிப்பக்கம் வழுக்கிச் செல்லும்படி கெட்டியாக இருக்கிறதா, மணிக்கட்டைச் சுற்றிப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். காலணிக்குப் பெரிய செலவே வேண்டாம். கணுக்காலை மூடும் சாதாரண பூட்ஸ்கூட, கான்வாஸ் ஷூவோடு ஒப்பிட்டால் பாதக் காயத்தைப் பாதிக்குக் கீழே குறைத்ததாக அதே ஆராய்ச்சி சொல்கிறது. செருப்பைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா?

இனி அளவு. நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாவே வாங்கிடு." ஸ்கூல் யூனிஃபாரத்துக்கு அது சரி. இதற்குச் சுத்தமாக ஆகாது. தொளதொளவென்று இருந்தால் விழுகிற வேகத்தில் முழங்கை பேட் பக்கவாட்டில் சுழன்று போய்விடும். முழங்கை தரையில், பேட் மேலே! கடையிலேயே போட்டு, ஒரு ஸ்டூலில் வண்டி ஓட்டுவது போல் உட்கார்ந்து, கையை முன்னே நீட்டச் சொல்லுங்கள். நீங்கள் பேட்டைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருகிப் பாருங்கள். நகரக் கூடாது. முதுகு மேலேறி இடுப்பு தெரியக் கூடாது. நிறம் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று பையன் அடம் பிடிப்பான். நியூஸிலாந்தில் ஆக்லாந்து நகரில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2004இல் வெளியானது. பளிச்சென்று ஒளிரும் உடுப்பு போட்டவர்களுக்கு விபத்துக் காயம் 37 சதவீதம் குறைவு என்றும், கறுப்பு ஹெல்மெட்டை விட வெள்ளை ஹெல்மெட்டில் 24 சதவீதம் குறைவு என்றும் கண்டார்கள். வெள்ளை ஜாக்கெட்டில் வெயிலும் கொஞ்சம் குறையும் என்று சொல்லிப் பாருங்கள்.

அது போகட்டும். ஸ்கூட்டர் ஓட்டும் உங்களுக்கு? "நான் என்ன ரேஸா போறேன்" என்பீர்கள். ரோடு ஆள் பார்த்துக் கெட்டியாக இருப்பதில்லையே. ஆண்கள் ஜாக்கெட்டை வாங்கிப் போட்டால் தோள் பேட் புஜத்துக்கு இறங்கிவிடும். பெண்களுக்கென்று வெட்டியதைக் கேளுங்கள். பேட்டிலும் டைப் ஏ என்று சிறியதும் டைப் பி என்று பெரியதும் உண்டு. ஒடிசலான உடம்புக்குச் சிறியதே நகராமல் உட்காரும். ஜாக்கெட் கட்டுப்படியாகாவிட்டால் கையுறையோடு, சுடிதார் பேண்ட்டின் மேலேயே கட்டிக் கொள்ளும் முழங்கால் கார்டு வாங்கலாம். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்து கொள்ளுங்கள். புடவைக்காரர்கள் முந்தானையை இழுத்துச் செருகுங்கள். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். பார்வைக்கு நன்றாயில்லை என்று அதைக் கழற்றிப் போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்னால் உட்காரப் போவது யார் என்று கேளுங்கள்!

கைக்குழந்தைக்கும் ஒரு கவசம் உண்டு. 2023 பிப்ரவரி முதல் அமலில் இருக்கும் மத்திய அரசு விதிப்படி, 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால், அதன் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துப் பிணைக்கும் பட்டைச் சட்டையும் வேண்டும். பட்டை 30 கிலோ தாங்க வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 4 வயதுக்கு மேலே எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

வாங்கி வந்த பிறகு பராமரிப்பு நம் தலையில்தான் விழும், வேறென்ன! துவைக்கும் முன் எல்லா பேட்டையும் எடுத்துவிடுங்கள். எது எந்தப் பக்கம் என்று ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். ஜாக்கெட்டைக் குளிர்ந்த நீரில் லேசான சோப்பில் கையால் அலசி, பிழியாமல் நிழலில் தொங்க விடுங்கள். இஸ்திரிப் பெட்டி பக்கமே போக வேண்டாம். பேட்டை ஈரத்துணியால் துடைத்தால் போதும். மொட்டை மாடி வெயிலில் காயப் போடாதீர்கள். திரும்ப வைக்கும்போது குழிந்த பக்கம் உடம்பைப் பார்த்து இருக்க வேண்டும். கீழே விழுந்து அடி வாங்கிய பேட்டை வெடிப்பு, நசுங்கல் பார்த்து மாற்றிவிட வேண்டும். தலையோடு தரையில் மோதிய ஹெல்மெட், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும். "நல்லாத்தானே இருக்கு" என்று தம்பிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.