மாலை ஐந்து மணிக்கு வந்தவர்

“உங்களுக்குத்தான் பென்சன் வருதுங்களே! பாதிச் சம்பளம் போதுமுங்களா?”

“சரிங்க. நீங்க பார்த்துக் குடுக்கறதைக் குடுங்க.”

கணபதியிலோ, பீளமேட்டிலோ, குறிச்சித் தொழிற்பேட்டையிலோ ஒரு சிறு பட்டறையின் வாசலில் இப்பேச்சு நிகழ்வதாக எண்ணிப் பாருங்கள். கேட்பவர் இளம் முதலாளி, கெட்டவரல்லர், ஞாயிறு தவறாமல் பூசை காண்பவர். விடை கூறுபவர் அறுபதைத் தாண்டிய பிட்டர். இருவரும் இசைந்தே பேசி முடித்தனர். ஆயினும் அங்கே ஓர் அநீதி நடந்துவிட்டது. அது எவ்வாறு என்பதை நாம் சிந்தித்தல் நலம். ஏனெனில் நம் பங்குகளில் பட்டறை நடத்துவோரும் உளர். வேலை தேடிப் பட்டறை வாசலில் நிற்கும் முதியோரும் உளர்.

கோவையின் தொழில் வளம் ஒரே நாளில் வந்ததன்று. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய ஆலையும், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பெருகிய பஞ்சாலைகளும், அவற்றைச் சார்ந்து எழுந்த பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் பல தலைமுறைத் தொழிலாளரின் கைத்திறனால் வளர்ந்தவை. அத்தகையோருள் பலர் ஆலைகள் மூடப்பட்டதால் இடைவழியில் வேலை இழந்தனர். 2020 மார்ச் மாத ஊரடங்கின்போது தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கோவை ஆலைகள் நின்றதை நாம் அறிவோம். ஐம்பது வயதுக்கு மேல் புதுவேலை தேடுவது எத்துணைக் கடினம் என்பதை அக்குடும்பங்கள் நன்கறியும்.

இனி, அந்தப் பென்சனைப் பார்ப்போம். 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் குறைந்தது 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வரையறுக்கப்பட்டது. அத்தொகை மருந்துச் செலவுக்கும் போதாது. அது எவ்வளவாயினும், முன்னாளில் சிந்திய வியர்வைக்கு உரிய பலன் அது. இன்றைய உழைப்பின் கூலியிலிருந்து அதைக் கழிக்க நமக்கு உரிமை ஏது?

“அவரே சம்மதித்தாரே” என்று சிலர் கூறலாம். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலைபற்றி விடுத்த சுற்றுமடலில் இதற்கு விடை உண்டு. இல்லாமையாலோ அச்சத்தாலோ தொழிலாளி குறைந்த கூலிக்கு இசைந்தாலும், அந்த இசைவு அநீதியை நீதியாக்கிவிடாது என்பது அவரது போதனை. பெரியவர் சொன்ன “சரிங்க” என்ற சொல்லுக்குப் பின்னால் வீட்டு வாடகையும் பேத்தியின் பள்ளிக் கட்டணமும் இருக்கக்கூடும்.

அவ்வாறாயின் முதியவரை எவ்வாறு பணியில் அமர்த்துவது? வேலையின் அளவைக் குறைக்கலாம். வேலையின் மதிப்பைக் குறைக்கலாகாது. அரைநாள் உழைத்தால் அரைநாள் கூலி கொடுப்பது நேர்மை. முழுநாள் உழைத்தவருக்கு நரைத்த தலையைக் காட்டி அரைக்கூலி கொடுப்பது நேர்மையன்று.

உலையருகே வெப்பத்தில் நெடுநேரம் நிற்பது, பளுத் தூக்குவது, இரவு ஷிப்டு ஆகியவற்றைத் தவிர்த்து, வார்ப்புகளைச் சோதித்தல், அளவு பார்த்தல், எந்திரப் பராமரிப்பு போன்றவற்றைக் கொடுக்கலாம். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வருவது இயல்பு. லேத்தின் அருகே நல்ல விளக்கொன்று வேண்டும். இடையிடையே அமர ஒரு ஸ்டூல் வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. பேரிங்கின் ஓசையைக் கேட்டே பழுதை உணரும் காதும், கைப்பிடி மணலைப் பிசைந்தே ஈரப்பதத்தை அறியும் விரலும் நெடுநாள் பழக்கத்தால் வருபவை. அவரிடம் ஓர் இளைஞனைப் பழக விடுங்கள். இரட்டைப் பயன் கிட்டும்.

தவறு நேர்ந்தால் பையன்கள் முன்னிலையில் அதட்டாது, தனியே அழைத்துச் சொல்லுங்கள். பெரியவர்களும் “எங்க காலத்துல” என்ற பேச்சைக் குறைத்து, கணினியால் இயங்கும் புது எந்திரங்களின் முறையை இளையோரிடம் கற்க நாணலாகாது.

பத்துப் பேருக்குக் குறையாமல் உழைக்கும் இடத்தில் பணிக்கொடை தரச் சட்டம் கட்டளையிடுகிறது. பொதுவாக ஐந்தாண்டு நிறைந்தால், ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம். மாதம் இருபத்தாறு நாளாகக் கணக்கிடப்படும். கடைசி மாத ஊதியம் 13,000 ரூபாய் என்றால், பத்தாண்டுகளுக்கு 75,000 ரூபாய். ஆனால் நால்வர், ஐவர் மட்டும் வேலை செய்யும் பட்டறையில்? அங்கே இச்சட்டம் எட்டாது, மனச்சாட்சி எட்டும். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை அவர் பெயரில் சேமித்து வைக்கும் முதலாளியை எவரும் தடுப்பதில்லை.

மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்ட உரிமையாளர் மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளிக்குச் செல்கிறார். அங்கு நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை எவரும் அழைக்கவில்லை. ஒரு மணி நேரமே உழைத்த அவர்களுக்கும் முழுநாள் கூலி கிடைத்தது. நம் பட்டறைக்கு வரும் பெரியவரோ வாழ்வின் மாலையில் வந்தவரேயன்றி, வேலைநாளின் மாலையில் வந்தவரல்லர். காலை முதல் உழைக்கும் அவருக்கு முழுக் கூலி தருவது தாராளமன்று, வெறும் கடன்தான்.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தினார். அந்த நாசரேத்துத் தச்சர் நம் பட்டறை வாசலில் வந்து வேலை கேட்டால், அவருக்கு என்ன கூலி பேசுவோம்? அடுத்த சம்பள நாளுக்குள் நாம் ஒவ்வொருவரும் இக்கேள்விக்கு விடை காண்போமாக!