முழங்கால் ஒரு கதவுக் கீல் இல்லை!

மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்கு ஃபோர் பார் மெக்கானிசம் புதுசு இல்லை. நாலு தண்டு, நாலு மூட்டு, "இன்ஸ்டன்டேனியஸ் சென்டர் எங்கே?" என்று ஒரு கணக்கு. பரீட்சை முடிஞ்சதும் மறந்துடுவோம். ஆனால் முழங்காலுக்கு மேலே கால் எடுக்கப்பட்ட ஒருத்தர் தாம்பரம் பிளாட்ஃபாரத்தில் தடுமாறாமல் நடப்பாரா என்பது அந்தப் புள்ளி எங்கே இருக்கு என்பதைப் பொறுத்தது! உடம்பின் அசைவுகளையும் அதில் வேலை செய்யும் விசைகளையும் இப்படி ஆராயும் துறைதான் பயோமெக்கானிக்ஸ்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில் ஊன்றும்போது, தரை அவரைச் சுமார் 600 நியூட்டன் விசையால் மேலே தள்ளுது. அந்த விசைக்கோடு முழங்கால் அச்சுக்கு 2 செ.மீ. பின்னால் போனால், 600 × 0.02 = 12 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை காலை மடக்கப் பார்க்கும். நமக்குத் தொடையின் முன்பக்கத் தசை இழுத்துப் பிடிச்சுக்கும். செயற்கைக் காலில் அந்தத் தசை கிடையாது. முழங்கால் மடங்கிவிடும், ஆள் விழுவார். அதே கோடு 2 செ.மீ. முன்னால் போனால்? அதே 12 நியூட்டன் மீட்டர் காலை நேராக நிறுத்தி வைக்கும்.

கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சு உள்ள சாதாரண செயற்கை முழங்காலில் விழாமல் இருக்க எளிய வழி, பூட்டுப் போடுவது. பூட்டினால் பயம் இல்லை. ஆனால் குச்சி மாதிரி நீட்டிய காலோடு இடுப்பைத் தூக்கித் தூக்கி நடக்கணும். ஷேர் ஆட்டோவில் அந்தக் காலை எங்கே வைப்பது?

இங்கேதான் நம்ம ஃபோர் பார் வருது. இதில் நிலையான அச்சு கிடையாது. கால் நேராக இருக்கும்போது சுழற்சி மையம் முழங்காலுக்கு மேலேயும் பின்னாலேயும் இருக்கும்படி தண்டுகளின் நீளத்தை அமைக்கலாம். விசைக்கோடு அந்த மையத்துக்கு முன்னால் போவதால் பூட்டு இல்லாமலே கால் நிற்கும். மடங்க ஆரம்பிச்சதும் மையம் இடம் மாறும். கால் சுலபமாக மடங்கும். இன்னொரு லாபமும் உண்டு. மடங்கும்போது கால் கொஞ்சம் குட்டையாவதால் விரல் நுனி தரையில் இடிக்காது. நாம் நடக்கும்போதே விரல் நுனி தரைக்கு மேலே ஓரிரு செ.மீ. உயரத்தில்தான் போகுது, நம்ம ஊர் நடைபாதையில் அந்த இடைவெளி எவ்வளவு முக்கியம்னு யோசிச்சுப் பாருங்க!

இந்த ஐடியா இயற்கையிலேயே இருக்கு. நம் முழங்காலுக்குள் குறுக்கே போகும் இரண்டு தசைநார்களையும், மேலும் கீழும் உள்ள எலும்புகளையும் சேர்த்தால், அதுவும் கிட்டத்தட்ட ஒரு ஃபோர் பார்தான்.

இந்தத் தத்துவத்தில் உள்நாட்டிலேயே உருவான முழங்கால் 'கதம்' (இந்தியில் காலடி என்று பொருள்). 2022-ல் வெளியானது. கிண்டிக்குப் பக்கத்தில் உள்ள ஐ.ஐ.டி. மெட்ராஸில், பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான 'ஆர்2டி2' மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சி மையம், பெங்களூருவின் மொபிலிட்டி இந்தியா நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. அலுமினிய உலோகக்கலவை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பாலிமர் புஷ்கள் எல்லாம் நம்ம ஒர்க்‌ஷாப் பொருள்கள்தான். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. 160 டிகிரி வரை மடங்கும். சாதாரணமாக நடக்க 60 டிகிரியே போதும்; மீதி எல்லாம் பஸ், ஆட்டோவின் நெருக்கமான சீட்டுக்காக.

ஐ.எஸ்.ஓ. 10328 தரப்படி 30 லட்சம் சுழற்சிகள் சோதிச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு அந்தக் கால் 2500 தடவை ஊன்றுதுன்னு வெச்சுக்குவோம். 30 லட்சம் என்பது 1200 நாள், அதாவது மூணேகால் வருஷம். ஃபெட்டீக் பாடம் எதுக்குன்னு இப்போ புரியுதா?

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மோட்டார் இல்லாத எந்த முழங்காலும் உடம்பை மேலே தூக்காது. ஸ்டேஷன் மேம்பாலப் படியில் ஒவ்வொரு படிக்கும் நல்ல காலைத்தான் முதலில் வைக்கணும். மோட்டார் வைத்தால் எடையும் விலையும் ஏறும். மிச்சத் தொடையைப் பிடிச்சிருக்கும் சாக்கெட் சென்னை வெயிலில் வேர்த்து வழுக்கும், தோல் புண்ணாகும். முதலாவது மெக்கானிக்கலும் ட்ரிபிள்-ஈயும் சேர்ந்து பார்க்க வேண்டிய வேலை; இரண்டாவது மெட்டீரியல்ஸ் பசங்களுக்கான வேலை. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறவங்க, முதலில் செயற்கைக் கால் போட்டிருக்கும் ஒருத்தரிடம் உட்கார்ந்து, எங்கே வலிக்குதுன்னு கேளுங்க. டிசைன் அங்கேதான் தொடங்குது.