குளிரும் மின்கணக்கும்

கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியின் மார்கழிக் குளிரில் மின்கணப்பை நாடாதார் அரியர். நேயர்களே, அதன் கணக்கைச் சொல்லுகிறேன். 230 வோல்ட்டு அழுத்தத்தில் 10 ஆம்பியர் ஓடுவதாகக் கொள்வோம். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுக்க, மின்தடை 23 ஓம். ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இது. இரண்டையும் பெருக்கினால் மின்திறன் 2300 வாட்டு, மணிக்கு 2.3 யூனிட்டு.

அழுத்தம் 184 வோல்ட்டாகத் தாழ்ந்தால்? தடை ஏறத்தாழ மாறாது. ஆகவே ஓட்டம் 8 ஆம்பியராகும். திறனோ 1472 வாட்டுதான். ஓட்டமும் உடன் குறைவதால், அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு தாழ, வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது! பலர் கணப்பையே பழிப்பர். நான் அதன் பக்கமே பேசுவேன்.

இதனினும் கவலைக்குரியது சுவருக்குள் செல்லும் கம்பி. அதன் தடை அரை ஓமே ஆயினும், 10 ஆம்பியர் ஓடுகையில் 50 வாட்டு வெப்பம் அங்கே பிறக்கும். இத்தகைய கணப்பை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டலாகாது. தடித்த கம்பியுடன் கூடிய 16 ஆம்பியர் பிளக்கே வேண்டும்.