தோட்டமும் வீட்டுத்தோட்டமும்: கண்டி இடைநிலத்தில் பலாமரமும் காணியுரிமையும்

மலையகத் தமிழ் வழக்கில் ‘தோட்டம்’ என்னும் சொல் இரு வேறு நிலங்களைக் குறிக்கின்றது. ஒன்று, தேயிலையோ றப்பரோ பயிராகும் பெருந்தோட்டம். மற்றையது, குடியானவரின் வீட்டைச் சூழ்ந்துள்ள வீட்டுத்தோட்டம். சிங்கள மொழியிலும் ‘வத்த’ என்னும் சொல் இவ்விரண்டுக்கும் பொதுவாக வழங்குகின்றது. வீட்டுத்தோட்டத்தைத் தனித்துச் சுட்டுமிடத்து ‘கெவத்த’ என்பர். சொல் ஒன்றாயினும் இவ்விரு நிலங்களிலும் வாழ்வோரின் நிலை ஒன்றன்று. கண்டி இடைநிலக் கிராம வாழ்வில் பலாமரம் பெறும் இடத்தை விளக்கி, அம்மரத்தை நடுவதற்கும் பயன்கொள்வதற்கும் வேண்டிய உரிமை யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிலமும் மரமும்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வழியாக மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில், அக்குறணைக்கு அப்பால் அமைந்திருப்பது அலவத்துகொட. சிங்களக் கிராமங்களும், தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர்களும், தமிழ்த் தொழிலாளர் வாழும் தோட்டங்களும் அருகருகே அமைந்துள்ள பிரதேசம் இது. தாழ்ந்த பகுதிகளில் வயல், சரிவில் வீடும் வீட்டுத்தோட்டமும், உயரத்தே காடும் சேனையும் என்பது கண்டிய கிராமத்தின் மரபான அமைப்பாகும்.

இவ்வீட்டுத்தோட்டத்தை முதன்முறை காண்போர் அதனைக் காடு என்றே கருதுவர். மேலடுக்கில் தென்னை, கமுகு, கித்துள், பலா, ஈரப்பலா, மா; இடையடுக்கில் சாதிக்காய், கராம்பு, கோப்பி, கொக்கோ; மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி; நிலத்தை ஒட்டி இஞ்சி, மஞ்சள், கிழங்குவகை என அடுக்கடுக்காக அமைந்த பயிர்முறை இது. 1987 இல் ஜேக்கப், ஆலஸ் ஆகியோர் கண்டியத் தோட்டங்கள் பற்றி எழுதிய ஆய்வு வேளாண்காடு பற்றிய உலக ஆய்வாளரின் கவனத்தை இம்முறையின்பால் ஈர்த்தது. மண்ணரிப்பைத் தடுப்பதும், ஒரு பயிர் பொய்த்தால் மற்றொன்று கைகொடுப்பதும் இதன் இரு பெருஞ் சிறப்புகளாகும்.

இத்தோட்டத்தில் மாவும் உண்டு. எனினும் முதலிடம் அதற்குரியதன்று. மா செழித்துப் பூப்பதற்குத் தொடர்ச்சியான வறட்சிக் காலம் வேண்டும். பூக்கும் பருவத்தில் மழை பெய்தால் பூங்கொத்துகளைப் பூஞ்சண நோய் தாக்கிக் கருக்கிவிடும். யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பானும் அம்பலவியும் பெற்ற பெயரை இடைநிலத்து மாங்கனிகள் பெறாமைக்கு இதுவே தலையாய காரணம். இரு பருவ மழைகளையும் பெறும் கண்டிச் சரிவுகளில் மாவின் இடத்தைப் பலா வகிக்கின்றது.

2. சோற்றுக்கு மாற்று

பலாவைப் பழமரம் என்று மட்டும் கொள்வது அதன் சமூகப் பயனைக் குறைத்து மதிப்பதாகும். கண்டிக் கிராமத்தவர்க்கு அது முதலில் உணவுமரம், பின்னரே பழமரம். சிங்களத்தில் பிஞ்சைப் ‘பொலொஸ்’ என்றும், முற்றிய காயைக் ‘கொஸ்’ என்றும், பழத்தில் உறுதியான சுளையுடையதை ‘வரகா’ என்றும், குழைந்த சுளையுடையதை ‘வெல’ என்றும் வழங்குவர். தமிழில் வருக்கன், கூழன் என நாம் பகுப்பதும் இதுவே. பிஞ்சு கறியாகும். முற்றிய காயின் சுளை அவிக்கப்பட்டுத் தேங்காய்த் துருவலுடன் ஒருவேளை உணவாகும். கொட்டையும் மாச்சத்து மிக்க உணவே. அதனை மணலில் இட்டுப் பல மாதம் பேணுவர். சுளையை அவித்து உலர்த்தி ‘அட்டு கொஸ்’ எனச் சேமிப்பதும் உண்டு. மரத்தின் வைரம் தளபாடத்துக்கும் வீட்டு மரவேலைக்கும் உரியது. பௌத்த துறவியரின் ஆடைக்குச் சாயம் தந்ததும் அவ்வைரமே. பலாவைச் ‘சோற்று மரம்’ எனப் பொருள்படும் ‘பத் கஸ’ என்னும் பெயரால் சிங்கள மக்கள் குறிப்பிடுவது இவற்றைக் கருதியேயாம்.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தமது நூலில், பலா அந்நாட்டு மக்களின் உணவிற் பெரும்பங்கு வகித்தமையைக் குறிப்பிடுகின்றார். இருபதாம் நூற்றாண்டில், 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தை ஒட்டிச் சிறைவைக்கப்பட்ட ஆதர் வி. டயஸ், நாடெங்கும் பலா நடும் இயக்கத்தை முன்னெடுத்துக் ‘கொஸ் மாமா’ என்னும் பெயர் பெற்றார். இறக்குமதி அரிசியில் தங்கியிருந்த குடியேற்ற நாடொன்றில் உணவுமரம் நடுவது அரசியற் செயலாகவும் அமைந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. சுதந்திரத்தின் பின், 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம், பலா, ஈரப்பலா ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுவதைத் தடைசெய்தது. தன் காணியில் தானே நட்ட பலாவாயினும் அதனை வெட்டுவதற்கு உரிமையாளன் அரச அனுமதி பெறவேண்டியவனாகின்றான்.

3. மரம் என்னும் சாட்சி

பலாக்கன்று காய்தரப் பல ஆண்டுகள் செல்லும். காய்க்கத் தொடங்கின் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குப் பயன்தரும். எனவே, நாளையும் இந்நிலம் தன்னுடையதே என்னும் உறுதி உடையவனே அதனை நடுவான். கிராமத்தில் பாகப்பிரிவினையின்போது நிலத்தில் மட்டுமன்றி மரத்திலும் பங்கு கோரப்படுவதற்குக் காரணம் இதுவே.

இவ்வுண்மை குடியேற்ற ஆட்சியின் காணிக்கொள்கையில் தெளிவாக வெளிப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகியவற்றை, மாறாக நிறுவப்படும்வரை முடிக்குரியனவென அனுமானித்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பயிரிடப்பட்ட சேனை நிலமும் அதனுள் அடங்கியது. கிராமத்தவர் தம் சேனையையும் மேய்ச்சல் நிலத்தையும் விறகுக் காட்டையும் இழந்தனர். அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. ஆனால், நட்டு வளர்த்த மரங்கள் அடர்ந்து நின்ற வீட்டுத்தோட்டத்தைத் தரிசு என்று கூறுதல் எளிதன்று. பட்டயமற்ற குடியானவனுக்கு மரமே சாட்சியாயிற்று எனலாம்.

கோப்பிக் காலத்தில் இவ்வீட்டுத்தோட்டங்கள் சந்தைக்கு அப்பால் நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் கோப்பி ஏற்றுமதியிற் கணிசமான பங்கு குடியானவரின் தோட்டங்களிலிருந்தே வந்தது. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபோது, ஒற்றைப் பயிரை நம்பிய துரைமார் பலர் நொடிந்தனர். வீட்டுத்தோட்டமோ கோப்பியை மட்டும் இழந்து, பலாவோடும் கமுகோடும் மிளகோடும் நிலைத்தது.

எனினும் வீட்டுத்தோட்டத்தை இலட்சிய உலகாகச் சித்திரித்தல் தவறாகும். 1957 இல் சர்க்காரும் தம்பையாவும் வெளியிட்ட, பாததும்பறைக் கிராமங்கள் பற்றிய பல்கலைக்கழக ஆய்வு, கண்டிக் கிராமத்தில் காணியற்றோர் பெருகியமையையும் துண்டுபட்ட உடைமையையும் எடுத்துக்காட்டியது. சிங்களக் குடியானவரிலும் பலா நிழல் வாய்க்காதோர் பலர் இருந்தனர். அவர்களது காணிப்பசியும் பெருந்தோட்டத்தின் விளைவேயாகும்.

4. லயத்தில் வாழ்வோர்

பெருந்தோட்டத்தின் மறுபக்கம் தமிழ்த் தொழிலாளருடையது. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட இம்மக்கள் லயங்களில் குடியமர்த்தப்பட்டனர். லயத்து அறை வேலையோடு பிணைந்தது. வேலை போயின் கூரையும் போகும். அறையின் முன்னும் பின்னும் கிடைத்த சிறு துண்டில் கீரையும் மரக்கறியும் விளைவித்தனர். சில மாதங்களிற் பலன் தரும் பயிரே அவர்க்கு இயன்ற பயிர். பலா நடுவதற்கு வேண்டிய கால உறுதி அவர்களிடம் இருக்கவில்லை. தோட்ட எல்லையில் நின்ற பலாவும் சட்டப்படி தோட்டத்துக்கே உரியதாயிற்று.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்நிலையை மேலும் இறுக்கியது. குடியுரிமை அற்றவர்க்கு அரச காணிப் பகிர்விலும் இடமில்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தனியார், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிற்று. கண்டிப் பகுதியின் இடைநிலத் தோட்டங்கள் சில, கிராமத்தவர்க்குப் பகிரப்பட்டன. அங்குத் தலைமுறைகளாக உழைத்த தமிழர் பங்கு பெறாததோடு, பலர் இருப்பிடத்தையும் இழந்தனர். காணியற்ற குடியானவனையும் காணியற்ற தொழிலாளியையும் ஒருவர்க்கொருவர் எதிராக நிறுத்திய சீர்திருத்தம் அது.

இவ்வேறுபாட்டின் விலை 1973–74 இல் தெரிந்தது. அரிசிப் பங்கீடு குறைந்து உணவுத் தட்டுப்பாடு முற்றியபோது, வீட்டுத்தோட்டம் உடையோர் பலாவாலும் மரவள்ளியாலும் ஓரளவு தாக்குப்பிடித்தனர். பங்கீட்டையும் கூலியையும் மட்டும் நம்பிய தோட்டங்களில் பட்டினி பரவியது. 1974 இல் தோட்டத்துறையின் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. பின்னர், 2022 ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியபோதும், நாட்டின் பல பகுதிகளில் மக்கள் மீண்டும் பலாவை நாடினர். மரம் உள்ளவருக்கு அது ஆறுதலாயிற்று. இல்லாதவர் அதனையும் விலைகொடுத்தே வாங்கினர்.

5. ஓர் ஒப்புநோக்கு

மரமும் காணியுரிமையும் பிணைந்திருத்தல் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. மெக்சிகோவில் மா வந்தேறிய மரம். ஸ்பானியக் கப்பல்கள் பிலிப்பைன்சிலிருந்து பசிபிக் கடல்வழியே கொண்டுசென்ற இனம் அங்கு இன்றும் ‘மணிலா’ என்றே வழங்குகின்றது. புரட்சியின் பயனாக எழுந்த 1917 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 27 ஆம் பிரிவின் வாயிலாகப் பெரும்பண்ணை நிலத்தைக் கிராம சமூகங்களுக்குப் பகிர வழிசெய்தது. ‘எகிடோ’ எனப்படும் அவ்வுடைமை முறை, 1934 முதல் 1940 வரை கார்டெனாஸ் ஆட்சியில் பெரிதும் விரிந்தது. அதன் குறைகள் பல; 1992 இல் அப்பிரிவு திருத்தவும்பட்டது. எனினும், பண்ணையில் உழைத்தவனே அப்பண்ணையின் நிலத்தைக் கோரலாம் என்னும் கொள்கையை அது நிலைநாட்டியது. நமது காணிச் சீர்திருத்தம் தோட்டத் தொழிலாளியின்பால் இக்கொள்கையை ஏற்கவில்லை.

6. ஏழு பேர்ச்

நாடற்றோர் பிரச்சினை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் தீர்வு கண்டது. அண்மைக்காலத்தில் தோட்டக் குடும்பங்களுக்குத் தனிவீடு கட்டிக்கொடுக்கும் திட்டங்களில் 7 பேர்ச் காணி வழங்கப்பட்டது. லயத்தோடு ஒப்பிடுகையில் இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் கணக்கிட்டு நோக்குவோம். 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். அதில் 550 சதுர அடி வீடு 51 சதுர மீற்றரைக் கொள்ளும், எஞ்சுவது 126. நன்கு வளர்ந்த பலாவுக்கு 10 முதல் 12 மீற்றர் இடைவெளி வேண்டுமாதலால், ஒரு மரமே 100 முதல் 144 சதுர மீற்றரை நிரப்பிவிடும். அதாவது, இரு நூற்றாண்டு உழைப்பின் பின் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு வீடும், ஏறக்குறைய ஒரு பலா நிற்கும் இடமுமே.

ஆகவே, மலையகத்தின் வீட்டுரிமைக் கோரிக்கையை நான்கு சுவர்களின் அளவில் நிறுத்துதல் போதாது. வேலையோடு பிணையாத காணி, பிள்ளைகளுக்குக் கையளிக்கத்தக்க உறுதிப்பத்திரம், வீட்டைச் சூழப் பயிரும் மரமும் வளர்க்க இடம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே குடியிருப்பு. அண்டைக் கிராமத்தின் வீட்டுத்தோட்டம் பல நூற்றாண்டுகளாக உணர்த்திவரும் பாடம் இதுவே. தோட்டத்தில் வாழ்வோருக்கும் தோட்டம் வேண்டும்.