பல்லைப் பிடுங்கும் முன் இன்னொரு வாய்ப்பு

ரூட் கெனால் சிகிச்சை செய்து, கிரவுனும் போட்டாயிற்று. சில ஆண்டுகள் தொல்லையில்லை. திடீரென ஒருநாள் அதே பல்லின் ஈறில் சிறு கொப்புளம். அழுத்தினால் சீழ் வருகிறது. அமுங்குகிறது; மறுமாதம் மீண்டும் எழுகிறது. வலி அதிகமில்லாததால் உப்புநீரில் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம்.

கொப்புளம் அமுங்கினாலும் கிருமி போய்விடுவதில்லை. பல்வேரின் நுனியில், குறிப்பாகக் கடைசி 3 மில்லிமீட்டரில், மிக நுண்ணிய கிளைக் குழாய்கள் உண்டு. கருவி எட்டாத அந்த இடங்களில் கிருமிகள் தங்கலாம். நரம்பு நீக்கிய வேருக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் ஆன்டிபயாட்டிக் மருந்தும் அங்கே சென்றடையாது. வீக்கம் தணிந்தாலும், வேரைச் சுற்றிய எலும்பு மெல்லக் கரையும்.

ரூட் கெனாலை மீண்டும் செய்வது பெரும்பாலும் முதல் வழி. அது பலன் தராவிட்டால், அல்லது கிரவுனை அகற்றினால் பல் உடையும் என்ற நிலை இருந்தால், ‘அபிகோஎக்டமி’ எனும் வேர்நுனி அறுவை சிகிச்சை கைகொடுக்கும்.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை விலக்கி, எலும்பில் சிறு திறப்பு செய்வார்கள். கிருமி பாதித்த திசுவைச் சுரண்டி எடுத்து, வேர் நுனியில் சுமார் 3 மில்லிமீட்டரை வெட்டி, முனையை அடைத்துத் தையல் போடுவார்கள். அடைக்க இன்று அதிகம் பயன்படும் ‘எம்டிஏ’, 1990களில் அறிமுகமான ஒருவகைச் சிமெண்ட், ஈரத்திலும் இறுகும். நுண்ணோக்கி வந்தபின் இச்சிகிச்சை மேலும் துல்லியமாகியுள்ளது.

சில நாள் வீக்கம் இருக்கும். ஐஸ் ஒத்தடம், மென்மையான உணவு போதும். தையலைப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பிரிப்பார்கள். எலும்பு மீண்டும் வளரப் பல மாதங்கள் ஆகும். எனவே பிந்தைய எக்ஸ்ரே பரிசோதனையைத் தவறவிடக்கூடாது. புகைபிடித்தால் புண் ஆறுவது தாமதமாகும்.

எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தாது. வேர் நெடுக விரிசல் விட்டிருந்தால் பல்லை எடுக்கவே நேரும். கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு அருகே நரம்பு ஓடுவதால் முப்பரிமாண ஸ்கேன் தேவைப்படலாம். நீரிழிவு, ரத்தத்தை இளக்கும் மாத்திரை பற்றி மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சிங்கப்பூரில் மெடிசேவ் பணத்தைப் பல் அறுவை சிகிச்சைகளுக்குப் பயன்படுத்தலாம். எவ்வளவு கழிக்கலாம் என்பதை மருந்தகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முகவீக்கம் கண் அல்லது கழுத்துப் பக்கம் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கச் சிரமமானாலோ உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வெறும் கொப்புளம்தான் என்றாலும், ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். எலும்பு அதிகம் கரையும் முன் போனால், சொந்தப் பல்லைக் காப்பாற்ற வழியிருக்கும்.