குர்தாவுக்கு முன்னாடி திரைச்சீலை: ஃபேப் இந்தியா வளர்ந்தது எப்படி?

தருமபுரியில் புதுசா வீடு கட்டுபவர்களுக்கு ஒரு வசதி. திரைச்சீலை, படுக்கை விரிப்பு வாங்க ஒரு பக்கம் சேலம், இன்னொரு பக்கம் பெங்களூரு. அப்படி பெங்களூரு மால் பக்கம் போனால் ஃபேப் இந்தியா கண்ணில் படும். பார்த்ததும் ஞாபகம் வருவது குர்தாதான். ஆனால் இந்த நிறுவனம் ஆரம்பித்தது வீட்டு அலங்காரத் துணிகளில். அதுவும் விற்றது இந்தியாவில் இல்லை!

யார் ஆரம்பித்தது?

ஜான் பிஸ்ஸல். அமெரிக்கர். நியூயார்க்கின் மேசிஸ் கடையில் சரக்குக் கொள்முதல் பார்த்தவர். 1958-ல் ஃபோர்டு அறக்கட்டளை நிதியுதவியில் கைத்தறித் துறைக்கு ஆலோசனை சொல்ல டெல்லி வந்தார். வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். பாட்டி விட்டுச்சென்ற 20,000 டாலரை வைத்து 1960-ல் ஃபேப் இந்தியாவைத் தொடங்கினார். பானிபட் தரைவிரிப்பு, சோபா துணி, திரைச்சீலை என எல்லாம் ஏற்றுமதிக்கு.

கைத்தறியில் இது லேசான வேலை இல்லை. புடவையில் சாயம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அதையே அழகு என்பார்கள். திரைச்சீலை ஒரே ஜன்னலில் ஜோடியாகத் தொங்கும். ஒன்று வெளிறினாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். நிறம், அகலம் இரண்டையும் வெளிநாட்டு வீடுகளுக்கு ஏற்ப மாற்றி நெய்ய வைத்ததுதான் பிஸ்ஸலின் சாமர்த்தியம்.

லண்டனில் 1964-ல் டெரன்ஸ் கான்ரன் 'ஹேபிடட்' கடையைத் திறந்தார். சாதாரண சம்பளக்காரரும் நவீன பாணியில் வீட்டை அலங்கரிக்கலாம் என்று பிரிட்டனுக்குக் காட்டிய கடை அது. பின்னாளில் ஃபேப் இந்தியாவின் மிகப்பெரிய வாடிக்கையாளர் அதுவே.

இந்தியக் கடை எப்போது?

1976-ல். எமர்ஜென்சி நேரம். குடியிருப்பு வீடுகளில் வணிகம் கூடாது என்று அரசு கெடுபிடி காட்ட, நிறுவனம் டெல்லி கிரேட்டர் கைலாஷ் என் பிளாக் மார்க்கெட்டுக்கு மாறியது. முதல் சில்லறைக் கடை அங்கேதான் பிறந்தது. இடம் மாறச் சொன்ன உத்தரவே கடைக்கு வழிவிட்டது!

1992-ல் ஹேபிடட், ஐக்கியா தரப்பின் கைக்குப் போனது. ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பி இருப்பது எவ்வளவு ஆபத்து என்று கரூர்க்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அங்கே தறிகள் பட்ட பாடு அப்படி. ஃபேப் இந்தியாவுக்குக் கை கொடுத்தது உள்ளூர் கடைகள்தான். 1998-ல் ஜான் மறைந்த பிறகு மகன் வில்லியம் பிஸ்ஸல் கிளைகளை நாடு முழுக்கப் பரப்பினார்.

நெசவாளருக்கு என்ன?

2022 ஜனவரியில் சுமார் 4,000 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட நிறுவனம் விண்ணப்பித்தது. கைவினைஞர்கள், விவசாயிகளுக்கு 7 லட்சத்துக்கும் அதிகமான பங்குகளைப் பரிசாகத் தரப்போவதாக நிறுவனத்தின் புரமோட்டர்கள் அப்போது அறிவித்தார்கள். சந்தை நிலவரம் சரியில்லை என்று 2023 பிப்ரவரியில் விண்ணப்பம் வாபஸ் ஆனது.