ஹாக்ஸ் மரபணுக் கொத்துகளும் தாடையற்ற மீன்களும்

ஹாக்ஸ் மரபணுக்கள் என்பவை, கருவின் உடலில் தலை முதல் வால் வரை எந்தப் பகுதி எதுவாக உருவாக வேண்டும் என்பதை முடிவு செய்யும் மரபணுக்கள் ஆகும். இவை குரோமோசோமில் அடுத்தடுத்துக் கொத்தாக அமைந்துள்ளன. கொத்தின் ஒரு முனையில் உள்ளவை உடலின் முன்பகுதியிலும், மறுமுனையில் உள்ளவை பின்பகுதியிலும் செயல்படுகின்றன. மரபணுக்களின் வரிசையே உடலின் வரிசையாகவும் இருப்பது உண்மையிலேயே வியப்புக்குரியது.

முதுகெலும்பற்ற ஆம்பியாக்சஸில் (சென்னைக் கடலோர மணலிலும் காணப்படும் சிறு உயிரி) ஒரே கொத்துதான் உண்டு; அதில் 15 மரபணுக்கள். மனிதனில் 2, 7, 12, 17 ஆகிய குரோமோசோம்களில் நான்கு கொத்துகள் உள்ளன. ஆதி முதுகெலும்பிகளில் மொத்த மரபணுத்தொகையும் இருமுறை இரட்டித்ததால் ஒன்று நான்கானது. அப்படியானால் ஏறத்தாழ 60 மரபணுக்கள் இருக்க வேண்டுமே? மனிதனில் 39 மட்டுமே உள்ளன. மிகுதியான படிகள் பல காலப்போக்கில் அழிந்துவிட்டன. எஞ்சிய சில புதிய பணிகளை ஏற்றன.

எவை அழிந்தன என்பதை அறியப் பழமையான மீன்கள் உதவுகின்றன. சிங்கப்பூரின் மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகத்தில் பைரப்பா வெங்கடேஷ், வைத்தியநாதன் ரவி, சிட்னி பிரென்னர் உள்ளிட்டோர் யானைச் சுறாவை ஆராய்ந்து, அதன் நான்கு கொத்துகளில் 45 ஹாக்ஸ் மரபணுக்கள் இருப்பதை 2009இல் வெளியிட்டனர். மனிதன் இழந்த சில மரபணுக்களை இந்தக் குருத்தெலும்பு மீன் இன்னும் வைத்திருக்கிறது.

சிக்கல் லாம்ப்ரே என்னும் தாடையற்ற மீனில் எழுந்தது. ஜப்பானிய லாம்ப்ரேயில் குறைந்தது ஆறு கொத்துகள் உள்ளதாக இதே குழு 2013இல் அறிவித்தது. இரட்டிப்பு மட்டுமே நடந்தால் 2, 4, 8 என்றுதான் வரும், ஆறு வராது. லாம்ப்ரேயில் மூன்றாவது இரட்டிப்பு நடந்து சில கொத்துகள் தொலைந்தனவா? அல்லது ஆறு என்ற எண்ணிக்கையே முழுமையற்றதா? இரண்டாவது ஐயத்துக்குக் காரணம் உண்டு. கடல் லாம்ப்ரேயின் உடல் செல்கள் கருவளர்ச்சியின்போதே தம் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை நீக்கிவிடுகின்றன. எனவே ஈரலிலிருந்து எடுத்த டி.என்.ஏ. முழுக்கதையைச் சொல்லாது. அம்மீனின் விந்தணுவிலிருந்து படித்த மரபணுத்தொகை 2018இல் வெளியானது. அதிலும் ஆறு கொத்துகளே இருந்தன.

2021இல் யோயிச்சிரோ நகதானி, வெங்கடேஷ் முதலியோர் வேறு விடை தந்தனர். முதல் இரட்டிப்பு எல்லா முதுகெலும்பிகளுக்கும் பொதுவானது. அதன் பின் தாடையுள்ளவற்றில் மீண்டும் இரட்டிப்பு நடந்தது. தாடையற்றவற்றிலோ மும்மடங்காதல் நடந்தது. முன்னதில் இரண்டு நான்காயிற்று, பின்னதில் இரண்டு ஆறாயிற்று. 2024இல் வெளியான ஹேக் மீனின் மரபணுத்தொகையும் இதற்கு வலுச்சேர்க்கிறது. ஆகவே லாம்ப்ரேயின் கொத்துகளை மனிதனின் ஏ, பி, சி, டி கொத்துகளோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்த முடியாது. அவை ஆல்பா முதல் ஸீட்டா வரையான கிரேக்க எழுத்துகளால் தனியே குறிக்கப்படுகின்றன.